ஒரே பானைக் கஞ்சி

அத்தியாயம் நான்கு

நௌரின் சட்டையை மேஜைமேல் வைத்தாள். துவைக்காத சட்டை. அதன்மேல் ஒரு காகிதப் பொட்டலம்.

"ரெண்டும் என் தம்பி அன்சாரோடது," என்றாள்.

வாஞ்சிநாதன் பொட்டலத்தைப் பிரித்தார். பச்சை கலந்த மஞ்சள் பொடி. ஒரு சிட்டிகைக்கு மேல் இல்லை. முகர்ந்தார். பழக்கம்தான். ஊரே காய்ச்சலில் கிடந்த அந்த வருஷம் அவருடைய மூக்கு போனது. அதே வாரம் மனைவி ஸாதனா போனாள். மூக்கு திரும்பிவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். திரும்பவில்லை. அவரும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைக் கிட்டங்கிக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவருக்கு அது ஒரு வகையில் சௌகரியம். படியேறி வருகிறவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே வருவார்கள். அவர் தும்முவதில்லை.

பொட்டலத்தை உதவியாளர் சுல்ஃபத்தின் பக்கம் நகர்த்தினார். முகர வேண்டியதெல்லாம் இப்போது அவள் பாடு.

"உலுவா," என்றாள் சுல்ஃபத். "வெந்தயம் சாரே. தோசைக்கு நனையப்போட்ட மாதிரி வாசனை. இதைத் துப்பறிய எங்கம்மாவே போதும்."

நௌரின் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தூக்கம் இல்லாத முகம். ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

பஜார் ரோட்டில் ஒரு ஜிம். அன்சார் அங்கே போவான். இந்த மழைக்காலத்தில் ஒரு கம்பெனி அங்கே வந்து ஆய்வு நடத்தியது. செடியிலிருந்து எடுத்த பொடி, சாப்பிட்டால் சதை வளரும் என்றார்கள். ஆளுக்கொரு பச்சை டப்பா. பாதிப் பேருக்கு அசல் பொடி, மீதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். ஆய்வு முடிந்ததும் டப்பாவில் மிச்சம் இருந்ததை அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் அன்சாரின் கண் மஞ்சளாகிவிட்டது. இப்போது எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான்.

"டாக்டர் ஒரே கேள்விதான் கேக்கறார். ஸ்டீராய்டு எங்கேடா வாங்கினே? பொடியைத் தவிர எதையும் தொடலைன்னு இவன் சத்தியம் பண்றான். கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அன்சாருக்குக் கொடுத்தது வெறும் மாவுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் இவன் பேச்சை யாரும் நம்பறதில்லை. அத்தா ஆஸ்பத்திரிப் பக்கமே வர்றதில்லை. பொய் சொல்ற பிள்ளை எனக்கு இல்லைன்னுட்டார்."

"இப்ப எப்படி இருக்கான்?" என்றார் வாஞ்சி.

"சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். உள்ளங்கை, முதுகு. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அப்பவும் சொறியறான். எடுத்ததை நிறுத்தியிருந்தா மஞ்சள் இறங்கணுமாம். இவனுக்கு ஏறுது. அதனால ஆஸ்பத்திரியிலயும் திருட்டுத்தனமா எடுக்கறான்ங்கறார் டாக்டர்." அவள் குரல் உயரவே இல்லை. "ராவும் பகலும் பக்கத்துல நான் இருக்கேன். தண்ணிகூட என் கையாலதான் குடிக்கறான். எப்படி எடுப்பான்?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அவன் பொய் சொல்லலைன்னு காட்டுங்க. இந்த வாரம் மஞ்சள் இறங்கலைன்னா ஈரல் தாங்காதுங்கறாங்க. பொய்யன்ங்கற பேரோட அவன் போகக்கூடாது."

வாஞ்சி சட்டையைத் திருப்பிப் போட்டார். கையின் உட்புறத்தில் பழைய தையல் பிரிக்கப்பட்டு, துணியின் விளிம்பில் புதுத் தையல் ஓடியிருந்தது.

"இது?"

"நான் போட்டது. கை நுழையலைன்னான். பிரிச்சுவிட்டேன். மறுபடி நுழையலை. மறுபடி பிரிச்சேன்."

"மாவு தின்னா கை பருக்குமா?" என்றாள் சுல்ஃபத். "அப்படின்னா எங்க தெருவுல பாதிப் பேரு பயில்வான். புட்டு வேற என்னவாம்?"

சட்டையின் கழுத்தைப் பிடித்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"சாரே, இதுலயும் உலுவா. பொடி சிந்தினது இல்லை. வேர்வையில வந்திருக்கு."

நௌரின் எழுந்துவிட்டாள். "நான் போகணும். அவனுக்குப் பால் கொடுக்கற நேரம்."

படியில் அவள் தும்முவது கேட்டது.

"பொடியை லேப்புக்கு அனுப்பிடலாமே," என்றாள் சுல்ஃபத்.

"அனுப்பு. லேப் ஒரு வாரம் கேக்கும். அந்த வாரம்தான் அவன்கிட்ட இல்லை."

சாயா வந்தது. வாஞ்சி குடித்தார். சூடு தெரிந்தது. மற்றது தெரியவில்லை.

*

கம்பெனிக்காக ஆய்வு நடத்திய ராமபத்ரனின் அறை களமசேரியில் இருந்தது. பாலக்காட்டுத் தமிழர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அறையெங்கும் பச்சை டப்பாக்கள்.

"உடம்பு தேத்தற ஆளே இப்படியா?" என்று சுல்ஃபத் வாஞ்சியின் காதருகே முணுமுணுத்தாள். "சாப்பிடாத கூட்டத்துக்கு இவர்தான் தலைவர்."

"வாங்கோ, உக்காருங்கோ," என்றார் ராமபத்ரன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேட்காததற்கும் சொன்னார். "செடிப் புரதம் மட்டம்னு ஒரு எண்ணம் இருக்கு. பட்டாணியோ சோயாவோ, வேண்டிய அளவு சாப்பிட்டுட்டு எக்சர்சைஸும் பண்ணினா, பால் புரதத்தோட பெரிய வித்தியாசம் இல்லைன்னு நிறைய ஆய்வு சொல்றது. அது புரதம். மூலிகை வேற கதை. அமுக்கராக் கிழங்குக்குக் கொஞ்சம் சான்று இருக்கு. வெந்தயத்துக்கு இன்னும் கம்மி. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு. சிலதுல பலம் கூடித்து. சிலதுல ஒண்ணுமே இல்லை."

"உங்க ஆய்வுல?"

"கண்ணாலயே பார்க்கலாம்." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சரியாப் பாதிப் பேருக்குக் கை, தோள், தொடை எல்லாம் ஏறியிருக்கு; அவாதான் பொடி சாப்பிட்டவாளா இருக்கணும். மீதிப் பேருக்கு ஒண்ணும் இல்லை. வெந்தயத்துக்கு இப்படி ஒரு முடிவு நான் படிச்சதே இல்லை."

"அன்சார் எந்தப் பக்கம்?"

வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. "மாவுப் பக்கம்னு கம்பெனி சொல்லித்து."

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியக்கூடாது. அதுதான் முறை. டப்பாவை அவா நிரப்பிக் கொடுப்பா. நான் அளந்து பார்ப்பேன். யாருக்கு எதுன்னு கடைசியில அவாதான் சொல்லணும்."

"மோந்து பார்த்தாலே தெரிஞ்சிடுமே," என்றாள் சுல்ஃபத்.

"அதுக்குத்தான் மாவுலயும் வெந்தய வாசனை கொஞ்சம் தூவியிருக்கா. டப்பாவை மோந்தா கண்டுபிடிக்க முடியாது."

"ஆளை மோந்தா?"

ராமபத்ரன் யோசித்தார். "வெந்தயத்தை நிறையச் சாப்பிட்டவாளுக்கு வேர்வையில அந்த வாசனை வரும். தூவினதுக்கு அவ்வளவு வராது."

சுல்ஃபத் பையிலிருந்து சட்டையை எடுத்து அவர் மேஜைமேல் போட்டாள். அவர் தயங்கித்தான் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை.

"இது அன்சாரோடதா?"

"ஆமாம்."

"அப்படின்னா கம்பெனி எதுக்கு மாவுன்னு..." என்று ஆரம்பித்தார்.

வாஞ்சி ஒரு கேள்விதான் கேட்டார். "ஆய்வு நடந்தப்ப வேற மருந்து ஏதாவது யாராவது சாப்பிட்டாங்களா?"

"வாரா வாரம் கேட்டோமே. மருந்து, டானிக், மாத்திரை ஏதாவது உண்டான்னு. ஒருத்தர் பாக்கியில்லாம இல்லைன்னுட்டா."

வெளியே மழை. வைட்டிலாவில் பஸ் மாறும்போது சுல்ஃபத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"முடிஞ்சுது சாரே. அன்சார் தின்னது அசல். கம்பெனி சொன்னது பொய். சட்டை சாட்சி."

"மாவு தின்னவன் ஒருத்தனையும் மோந்து பார்த்துடு. அவன்கிட்ட வாசனை இல்லைன்னா முடிஞ்சுது."

"ஆம்பிளைங்களை வரிசையா நிக்க வெச்சு மோந்து பார்த்தேன்னு எங்கம்மாகிட்ட நீங்கதான் வந்து சொல்லணும். ஏற்கெனவே எனக்கு மாப்பிள்ளை அமையலை."

*

ஜிம் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கியின் மாடியில் இருந்தது. உள்ளே இரும்பு மோதுகிற சத்தம். சுவரெல்லாம் கண்ணாடி. நடத்துகிறவர் நௌஷாத், தமிழ் ராவுத்தர். சுல்ஃபத்தின் அத்தாவைத் தெரியும் என்றார். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"மோளே, துண்டுங்களை மோந்து பாரு. ஆளுங்க வேண்டாம்."

முதலில் நிகிலின் துண்டு. ஆய்வில் இருந்தவன். கை குச்சி மாதிரி இருந்தது.

"உனக்கு மாவா பொடியா?" என்றாள் சுல்ஃபத்.

"யாரும் சொல்லலை சேச்சி. கண்ணாடி சொல்லுது, மாவுன்னு."

சுல்ஃபத் துண்டை முகர்ந்தாள். முகம் மாறியது. அடுத்த துண்டு. அதற்கடுத்த துண்டு. பயில்வானுடையது, குச்சியுடையது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனுடையது. கடைசித் துண்டைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டு வாஞ்சியின் பக்கம் வந்தாள்.

"எல்லாத்துலயும் உலுவா சாரே."

"எல்லாத்துலயுமா?"

"நௌஷாதிக்காவோட துண்டுலகூட. சட்டை சாட்சி செத்துப்போச்சு. அதை வெச்சு இனி ஜன்னல்தான் துடைக்கணும்."

வாஞ்சிக்கு ஏமாற்றம் வரவில்லை. வரவேண்டிய இடம் எங்கே என்று தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

நௌஷாத் ஒரு கிண்ணத்தை அவர் கையில் வைத்தார். மூலையில் அடுப்பு. அடுப்பில் ஒரு பெரிய பானை. பையன்கள் ஒவ்வொருவராக வந்து கிண்ணத்தை நீட்டினார்கள், குடித்துவிட்டு இரும்பின் பக்கம் போனார்கள்.

வாஞ்சி குடித்தார். கொழகொழப்பு தெரிந்தது. "என்ன கஞ்சி இது?"

"உலுவாக் கஞ்சி. கசப்பு தெரியலையா? ஒரு கை நிறையப் போட்டிருக்கேனே." நௌஷாத் அகப்பையைப் பானை விளிம்பில் தட்டினார். "கர்க்கடகம், உங்க கணக்குல ஆடி, அந்த மாசம் குடிச்சா உடம்பு தேறும். எங்க அத்தா அந்த ஒரு மாசம்தான் கொடுப்பார். நான் மழை தொடங்கினா தொடங்குவேன், மழை விடற வரைக்கும் விடமாட்டேன்."

"எல்லாரும் குடிப்பாங்களா?"

"குடிக்காம ஒருத்தன் இங்கே வெயிட்டைத் தொட முடியாது."

"ஆய்வுக்காரங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எதை?"

"தினமும் வெந்தயம் குடிக்கிறோம்னு."

நௌஷாத் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னோம். கஞ்சியை எவனாவது மருந்துன்னு சொல்வானா சாரே?"

சுல்ஃபத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாவம் அந்த மனுஷன். வெந்தயத்தைப் பூட்டி, சாவியை ஒளிச்சு, யாருக்கும் தெரியாம பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்திருக்கார். இவர் இங்கே பானையோட ஊத்தியிருக்கார்."

வாஞ்சி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தீப் என்று ஒருவன். தோள் பலகை மாதிரி இருந்தது. எடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைக் கம்பியில் தேய்த்தான். மறுபடி எடையைத் தூக்கினான். மறுபடி தேய்த்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு தடியன் தூணில் முதுகைச் சாய்த்து மேலும் கீழும் உரசினான். கண்ணாடி முன்னால் நின்ற மூன்றாவது ஆள் தொடையைச் சொறிந்தான்.

நிகில் சும்மா நின்றான். அவனைப் போன்ற குச்சிகள் எல்லாம் சும்மா நின்றார்கள்.

"என்ன, எல்லாரும் சொறியறாங்க?" என்றார் வாஞ்சி.

"மழைக்காலம் இல்லையா? தோல்ல படை," என்றார் நௌஷாத்.

"படை தடியனைப் பார்த்துத்தான் வருமா?"

நௌஷாத் திரும்பிப் பார்த்தார். அகப்பை கையிலேயே நின்றது.

"சுல்ஃபத், மூக்கை விடு. கண்ணால பாரு. பருத்தவன் அன்சார் மாதிரியே சொறியறான். பருக்காதவன் சொறியலை. கஞ்சி எல்லாருக்கும் ஒரே பானை."

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கேலியைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"அப்படின்னா கை பருத்தது வெந்தயத்தால இல்லை," என்றாள் மெதுவாக.

"வெந்தயத்தாலன்னா நிகிலுக்கும் பருத்திருக்கணும். பாதிப் பேரோட டப்பாவுல மட்டும் வேற ஏதோ இருக்கு. அன்சாரோட டாக்டர் சரியாத்தான் கேட்டிருக்கார். ஸ்டீராய்டுதான். ஊசியில போகலை. பச்சை டப்பாவுல போயிருக்கு."

வாஞ்சி எழுந்து சந்தீப்பை ஜன்னலுக்கு அருகே கூப்பிட்டார். கீழ் இமையை விரலால் இழுத்தார். வெள்ளையில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

"பொடியை நிறுத்து. நாளைக்கே டாக்டரைப் பாரு."

"எதுக்கு சேட்டா? அது வெறும் செடி."

"கண்ணாடியில கையை மட்டும் பார்க்கறே. கண்ணையும் பாரு."

சந்தீப் கண்ணாடியிடம் போனான். நெருங்கிப் போய் நின்றான். பிறகு பையிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து நௌஷாதின் காலடியில் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள்.

வாஞ்சி ராமபத்ரனுக்குப் போன் செய்தார். பானையைப் பற்றிச் சொன்னார். சொறிகிறவர்களைப் பற்றிச் சொன்னார்.

"கஞ்சியா?" என்றார் ராமபத்ரன். "எங்காத்துலயும் கர்க்கடகத்துல கஞ்சி உண்டு. எனக்குக் கேக்கத் தோணலையே."

"அவங்களுக்கும் சொல்லத் தோணலை."

"அப்போ என்னோட முடிவு?"

"உங்க முடிவு சரிதான். பொடி வேலை செய்யுது. வெந்தயம்தான் செய்யலை."

"எங்கிட்ட ஒவ்வொரு டப்பாவுலேர்ந்தும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். கம்பெனி கைக்குப் போறதுக்கு முன்னால நானே சோதனைக்கு அனுப்பறேன். அந்தப் பிள்ளையோட டாக்டர்கிட்டயும் நானே பேசறேன்," என்றார். குரல் தட்டையாக இருந்தது. வாஞ்சிக்கு அந்தக் குரல் தெரியும். ஸாதனாவின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவரும் அதில்தான் பேசுகிறார்.

சுல்ஃபத் அதற்குள் நௌரினின் எண்ணை அழுத்திவிட்டாள். "எடுக்கலை சாரே. வார்டுல ஆஃப் பண்ணி வெச்சிருப்பா. நேர்ல போய்ச் சொல்வோம். உன் தம்பி அரிச்சந்திரன்னு சொன்னா, இந்தத் தடவையாவது சிரிக்கறாளான்னு பார்க்கலாம்."

வாஞ்சி படியில் நின்றுவிட்டார்.

"அன்சார் இப்ப ஆஸ்பத்திரியில இருக்கான்."

"அதுக்கென்ன?"

"ஜிம்முக்கு வர்றதில்லை. பொடி நின்னிருக்கணும். நின்னா மஞ்சள் இறங்கணும். ஏன் ஏறுது?"

"டாக்டர் சொல்ற மாதிரி, அவனே திருட்டுத்தனமா..."

"எழுந்திருக்க முடியாதவன். தண்ணிகூட அக்கா கையால குடிக்கறான்." வாஞ்சி அவளைப் பார்த்தார். "அவ நம்மகிட்ட ஏன் ஒரு சிட்டிகைப் பொடி மட்டும் கொண்டுவந்தா? டப்பாவையே கொண்டுவந்திருக்கலாமே?"

சுல்ஃபத் வாஞ்சிக்கு முன்னால் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினாள்.

*

வார்டில் சாயங்கால விளக்கு போட்டிருந்தார்கள். அன்சார் தூக்கத்தில் இருந்தான். தூக்கத்திலும் ஒரு கை இன்னொரு கையைத் தேடிச் சொறிந்தது. தோள் இன்னும் பெரிதாகவே இருந்தது. முகம் மட்டும் வற்றியிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் பால் பிளாஸ்க், ஆரஞ்சு, பச்சை டப்பா.

நௌரின் டம்ளரில் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது. உங்க தம்பி பொய் சொல்லலை. அந்தப் பொடியைத் தவிர அவன் எதையும் தொடலை. அதை நாங்க நிரூபிச்சுட்டோம். டாக்டர்கிட்ட ஆய்வு நடத்தினவரே பேசறேன்னிருக்கார்."

அவள் சிரித்தாள். சிரிக்கத் தெரிந்த முகம்தான் அது. "எனக்குத் தெரியும். அத்தாவுக்கு இப்பவே போன் பண்றேன். இதை அவனுக்குக் கொடுத்துட்டு..."

வாஞ்சி அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். கைக்கு இளஞ்சூடு தெரிந்தது. பால் லேசாகப் பச்சையோடியிருந்தது.

"அது அவனுக்கு சார்."

"தெரியும்."

கை கழுவும் தொட்டியில் ஊற்றினார். குழாயைத் திறந்துவிட்டார். சுல்ஃபத் பச்சை டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். யாரையும் பார்க்காமல் டாக்டரைத் தேடிப் போனாள்.

நௌரின் தொட்டியைப் பார்த்தாள். அலமாரியில் டப்பா இருந்த வட்டமான இடத்தைப் பார்த்தாள். தம்பியின் ஒட்ட வெட்டிய நகங்களைப் பார்த்தாள். வாஞ்சி சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆட்டோவில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அது தேவைப்படவில்லை.

"செடின்னாங்களே," என்றாள். "உடம்பு வத்திக்கிட்டே போகுது, தெம்புக்குன்னு..."

"இனி இறங்கும். நிறுத்தினா இறங்கும்னு டாக்டரே சொல்லியிருக்கார்."

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. ஒரு சொட்டு பால் அதன் நுனியிலிருந்து தரையில் விழுந்தது.

"அவன் வேண்டாம்னுதான் சார் சொன்னான்."

வாஞ்சி குழாயை மூடினார்.